தயாளன் ஏன் வரவில்லை?

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் மாடித் தொட்டி கழுவ ஆள் வந்ததால் பதினோரு மணிவரை குழாயில் தண்ணீர் இல்லை. இன்றைக்கென்று பார்த்தா?

மாலை ஆறரைக்கு ‘சிரிப்பு டிபார்ட்மெண்ட்’ முதல் எபிசோட். கதை, வசனம் என்று திரையில் என் பெயர் மட்டும் வந்தது: செண்பகலட்சுமி. பதினைந்து வருடமாக மேடைக்கும் டி.வி.க்கும் காமெடி எழுதுகிறேன். முழுத் தொடர் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து காமெடி எழுதும் இரண்டு பேர், ரேவதி, தயாளன். அவர்கள் எப்படி எழுதுகிறார்கள், எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்பதுதான் கதை.

வீட்டில் உட்கார்ந்து பார்க்கத் தைரியமில்லை. கீழ் வீட்டு நூர்ஜஹான் அக்காவிடம் போனேன். அக்கா டைலர். தையல் மிஷினை நிறுத்தாமலேயே நாலு சீரியல் பார்ப்பவர்.

“காமெடின்னு சொன்னியேம்மா செண்பகம். ரெண்டு பேரும் பேப்பரைக் கசக்கிக் கசக்கிப் போடறாங்க. நான் எப்பச் சிரிக்கணும்?”

“இது காமெடி எழுதறவங்களப் பத்தின கதைக்கா.”

“அப்ப சமையல்காரன் கதைன்னா எனக்குச் சோறு கிடையாதா?”

நல்ல வசனம். எழுதி வைத்துக்கொண்டேன்.

எபநேசரை மனதில் வைத்துத்தான் தயாளனை எழுதினேன் என்று யாராவது சொல்வார்கள். பதினோரு வருடம் நானும் எபியும் ஜோடியாக எழுதினோம், அதனால் அப்படித் தோன்றும். தயாளன் முழுக்க முழுக்கக் கற்பனை. எபிக்கு மீசையே கிடையாது.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாவு அரைத்தேன். கரண்ட் இரண்டு முறை போனது. இரண்டாவது எபிசோட் பரவாயில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

டைரக்டர் ஜெயசீலன் தினமும் காலையில் ரசிகர்கள் இணையத்தில் எழுதுவதையெல்லாம் தொகுத்து எனக்கு அனுப்புகிறான். படிக்காதீர்கள் என்றும் சொல்கிறான். படிக்காமல் எப்படி இருப்பது?

தேனியிலிருந்து ஒரு அம்மா: “யாரும் யாருக்கும் விஷம் வைக்கல. நாள் முழுக்க வேலை பாக்கறாங்க. நிம்மதியா இருக்கு.” ஆவடியிலிருந்து ஒருவர்: “ஒரு ஜோக்குக்கு மூணு நாளா? எங்க ஆபீஸ்ல என் மேனேஜர் நிமிஷத்துக்கு மூணு சொல்லுவாரு.” ஒரு கல்லூரிப் பெண் ரேவதியின் புடவை எந்தக் கடை என்று கேட்டிருக்கிறாள். பெயர் போடாத ஒருவர், “மெதுவா போகுது, ஆனா அணைக்கவும் மனசு வரல” என்கிறார். இன்னொருவர் ஒரே வார்த்தையில் “மொக்கை.” அதை நான்கு முறை படித்தேன்.

சேனலில் பேசினார்களாம். ஒப்பந்தம் நாற்பது எபிசோடுக்கு. ஐந்தாவது வார ரேட்டிங்கைப் பார்த்துவிட்டு, தொடர்வதா, சீக்கிரம் முடிக்கச் சொல்வதா என்று முடிவெடுப்பார்கள். நூர்ஜஹான் அக்கா வீட்டு மிஷின் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி ஏதாவது எழுதியாக வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எல்லாருக்கும் தயாளனைப் பிடிக்கிறது. இது எனக்குப் புரியவேயில்லை.

நேற்றைய எபிசோடில் ரேவதி கொண்டுவரும் ஜோக்கைத் தயாளன் பன்னிரண்டு தடவை நிராகரிக்கிறான். திமிர் என்றுதான் எழுதினேன். அந்த வேடத்தில் நடிக்கும் முத்துவீரன் கூத்துக் குழுவிலிருந்து வந்த பையன். ஒவ்வொரு தடவையும் “வேணாம் ரேவதி” என்பதை, அவள் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று தவிப்பவனைப் போலச் சொல்கிறான். ஜெயசீலனிடம் கேட்டேன்.

“நீங்க எழுதின வசனத்துல ஒரு எழுத்து மாத்தலக்கா. அது அப்படித்தான் வருது.”

“தயாளன் அண்ணன் சொல்றதுதான் சரி, அந்த ஜோக் சுமார்” என்று எழுபது பேர் எழுதியிருக்கிறார்கள். அது 2014-இல் நான் எழுதிய ஜோக். அப்போதும் அதைச் சுமார் என்று சொன்ன ஒருவன்... போகட்டும்.

வாஷிங் மெஷின் சுற்றும்போது நடக்க ஆரம்பிக்கிறது. அடியில் அட்டை வைக்க வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

எதற்கும் இருக்கட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

நான்கு வருடம் முன்பு எனக்கும் எபிக்கும் ஒரு சேனலிலிருந்து அழைப்பு வந்தது. வாராந்திர நகைச்சுவை நிகழ்ச்சி, ஜோடியாக எழுத வேண்டும். கையெழுத்துப் போடுகிற நாளில் எபி வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மணிவரை பார்த்துவிட்டு நான் மட்டும் போட்டேன். அதன் பிறகு பேச்சு இல்லை. அந்த இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

பன்னிரண்டாவது எபிசோட். நாடகக் குழுவுக்குப் பெரிய கம்பெனி ஒன்றின் அழைப்பு வருகிறது. கையெழுத்துப் போடும் நாளில் தயாளன் வரவில்லை. ரேவதி காத்திருந்து, கடைசியில் தனியாகக் கையெழுத்துப் போடுகிறாள். கதாநாயகியின் துணிச்சலுக்குக் கைதட்டல் விழும் என்று எழுதிய காட்சி.

நூர்ஜஹான் அக்கா மிஷினை நிறுத்தினார். இந்தப் பதினைந்து நாளில் முதல் தடவை.

“அந்தப் புள்ள ஏன் வரல?”

“பொறுப்பில்லக்கா அவனுக்கு.”

“சும்மா இரு. முத நாளேருந்து பாக்கறேன், ரிகர்சலுக்கு அவந்தான் முன்னாடி வந்து நாற்காலி போடறான். வரலைன்னா என்னமோ ஆயிருக்கு. இவ்ளோ நாள் கூட இருந்தவ, ஒரு போன் போட்டு என்னடா ஆச்சுன்னு கேக்க மாட்டாளா?”

“கதைல அதுக்கு எடமில்லக்கா.”

“அந்தப் பேனாவ மேசை மேல வச்சுத் தட்டித் தட்டிப் பாத்துட்டு இருந்தாளே, அவ்ளோ நேரம் இடம் இருந்துதே.”

ரவிக்கையின் கை இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமலே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

தயாளன் ஏன் வரவில்லை என்று இருநூற்றுச் சொச்சம் பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தலைவலி.

பிப்ரவரி 20, வியாழன்

ரேட்டிங் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் பார்ப்பவர்கள் விடாமல் பேசுகிறார்கள் என்றான் ஜெயசீலன். “அவன் ஏன் வரலைங்கறதுக்குக் காரணம் வேணும்கா. செவ்வாய்க்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க.”

காலையில் ஒரு காரணம் எழுதினேன். தயாளன் போட்டிக் குழுவுக்கு ரகசியமாகப் போய்விட்டான். மதியம் இன்னொன்று. குடித்துவிட்டு விழுந்து கிடந்தான். இரண்டையும் அனுப்பினேன். ஜெயசீலன் அரைமணி கழித்துக் கூப்பிட்டான்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. இது வேற யாரோ எழுதின மாதிரி இருக்குக்கா. நம்ம தயாளன் இதெல்லாம் செய்ய மாட்டானே.”

நம்ம தயாளனாம்.

பிப்ரவரி 22, சனி

மிளகாய் காயவைத்தேன். என் கணவர் தன் மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போகாமல் கூடவே மாடிக்கு வந்து காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். தொடரைப் பற்றி இதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று பேசினார்.

“எபி அன்னிக்குப் போன் பண்ணினானே.”

“என்னிக்கு?”

“நீ கையெழுத்துப் போடப் போன அன்னிக்கு. காலையில. நான் மிக்சிக்குக் காயில் சுத்திட்டு இருந்தேன். அவன் பொண்டாட்டி ஜெசிந்தாவ ஆஸ்பத்திரில சேத்திருக்காங்கன்னு நீதான சொன்ன?”

“நான் சொல்லல.”

“சொன்ன. ஏழு மாசந்தான ஆவுதுன்னுகூட நீதான் சொன்ன. இட்லியத் தட்டுல வச்சிட்டே சொன்ன.”

உங்களுக்கு எதுவும் சரியாக ஞாபகம் இருக்காது, போன மாதம் கல்யாண நாளையே மறந்தவர்தானே என்று கத்தினேன். அவர் இறங்கிப் போனார். மிளகாய் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்துவிட்டேன். இன்னும் எரிகிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

போன் பண்ணினான்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். ஜெசிந்தாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். “நான் இன்னைக்கு வர முடியாதுபோல. ரெண்டு நாள் தள்ளிப் போடச் சொல்லேன்” என்றான். சரி என்றேன். சொல்கிறேன் என்றேன்.

சேனல் ஆபீஸில் ஏ.சி. அதிகமாக இருந்தது. அந்த அதிகாரி, “உங்க பார்ட்னர் எங்க?” என்று கேட்டார். அவன் மனைவி பிரசவத்தில் இருக்கிறாள் என்று சொல்ல ஐந்து விநாடி போதும். நான் சொன்னது, “அவருக்கு இதுல அவ்வளவா இஷ்டமில்ல சார்.”

ஏன் சொன்னேன்? பதினோரு வருடமாக எல்லா இடத்திலும் எபிதான் பேசுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சிரிப்பெல்லாம் அவனுடையது, டைப் அடிப்பது நான் என்று நினைப்பவர்கள் இருந்தார்கள். அந்த அறையில் அன்றைக்கு ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தது எனக்குப் பிடித்திருந்தது. இதுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருக்கும் என்று நான்கு வருடமாகத் தேடியிருக்கிறேன்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டிருக்கலாம். அவர்கள் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

எழுதிக் கொடுத்தேன். தயாளன் ஏன் வரவில்லை, ரேவதி என்ன சொன்னாள், எல்லாம். ஜெயசீலன் படித்துவிட்டு வெகுநேரம் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தான்.

“ஹீரோயின் பொய் சொல்றாக்கா. சேனல்ல ஒத்துக்குவாங்களா? பாக்கற பொம்பளைங்க ஆஃப் பண்ணிட்டா?”

“பண்ணினா பண்ணட்டும்.”

“ரேட்டிங் பாக்கற அஞ்சாவது வாரத்துல வரும் இது. வேணும்னா கொஞ்சம் மாத்தி, அந்தக் கம்பெனிக்காரன் மிரட்டினதால அவ பொய் சொன்னான்னு...”

“யாரும் மிரட்டல ஜெயசீலா.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சனிக்கிழமை ஷூட்டிங் வைத்துக்கொள்ளலாம் என்றான்.

அதற்குள் நான் ஓரிடத்துக்குப் போய்வர வேண்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

தாம்பரம். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. எபி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான் என்று தெரியும், பார்த்ததில்லை. பகல் பன்னிரண்டு மணி. மெஷினுக்கு முன்னால் நின்று யாருடைய பத்திரத்தையோ புரட்டிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்துவிட்டு மீதிப் பக்கங்களையும் முடித்தான். பின் குத்திக் கொடுத்து, வந்தவர்களை அனுப்பினான். அதன் பிறகுதான், “உக்காரு” என்றான்.

“சீரியல் பாக்கறியா?”

“பாக்காம? தெனமும் மூணு பேரும் பாக்கோம். அந்தத் தயாளன் மாதிரி நான் அம்புட்டு உம்மணாமூஞ்சியா?”

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஜெசிந்தா பக்கத்து அறையிலிருந்து வந்தாள். அவள் பின்னால் பெண் குழந்தை, இரட்டைப் பின்னலோடு. ஏழாம் மாதத்தில் பிறந்தவள். நன்றாக இருக்கிறாள். பெயர் ஜெமி என்றாள். அவளுக்கு நான்கு வயதாகும்வரை நான் அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

எழுதியதைக் கொடுத்தேன். “இது சனிக்கிழமை எடுக்கறாங்க. நீ வேணாம்னு சொன்னா நிறுத்திடறேன்.”

நின்றுகொண்டே படித்தான். ஒருவர் ஆதார் அட்டை நகலெடுக்க வந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து படித்தான்.

“ஒண்ணு தப்பா இருக்கு.”

“என்ன?”

“தயாளன் ஒரு தடவ போன் பண்ணதா எழுதியிருக்க. நான் ரெண்டு தடவ பண்ணேன். ஒண்ணரை மணிக்கு ஒண்ணு. நீ எடுக்கல.”

அது எனக்கு ஞாபகமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். போன் மேசைமேல் அதிர்ந்தது, அதைக் கவிழ்த்து வைத்தது, எல்லாம் இருந்தது.

“கையெழுத்துக்காகத்தான் நீ திரும்பக் கூப்பிடறன்னு நெனச்சேன் எபி. இனிமே டைட்டில் கார்டுல உன் பேரையும் போடச் சொல்லிடறேன். நான் தனியாக் கையெழுத்துப் போட்ட அந்தப் பழைய நிகழ்ச்சில வந்ததெல்லாம் நாம முன்னாடி சேந்து எழுதினதுன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

“பேருக்காகவா நான் போன் பண்ணேன்?” குரல் உயரவில்லை. “ஆபரேசன் பண்ணணும், தாய், புள்ள ரெண்டு பேருக்கும் உறுதி சொல்ல முடியாதுன்னுட்டாங்க. எங்கம்மா வர ராத்திரி ஆவும். அந்த வராண்டால ஒத்தையில நிக்கேன். நீ வந்து பக்கத்துல நிப்பியான்னு கேக்கதுக்குத்தான் பண்ணேன்.”

மெஷினில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு என்று சொன்னேன். அவன் மெஷின் தட்டில் வெள்ளைத் தாளை அடுக்கினான்.

ஜெசிந்தாதான் பேசினாள். “எடுங்கக்கா. ரெண்டு போனையும் எழுதுங்க. என் பேர மட்டும் வேற ஏதாவது வைங்க.”

எபி உள்ளே போய்விட்டான். ஜெமி எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். ரயிலில் வரும்போது சாப்பிட்டேன்.

மார்ச் 1, சனி

ஷூட்டிங். ரேவதியாக நடிக்கும் ஹர்ஷிதா பயந்தாள். “மேடம், இத நான் பண்ணினா ரோட்ல என்னத் திட்டுவாங்களே.” திட்டுவார்கள் என்றேன். போனைக் கவிழ்த்து வைக்கும் காட்சியில் கை நடுங்கலாமா என்று கேட்டாள். நடுங்கவில்லை, சாதாரணமாகத்தான் வைத்தேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஒரே டேக்.

மார்ச் 6, வியாழன்

இருபத்து நான்காவது எபிசோட். நூர்ஜஹான் அக்கா வீட்டில் பார்த்தேன். அக்கா இன்று மிஷின் பக்கமே போகவில்லை. பாயில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

“செண்பகம், இது உன் கதையா?”

“ஆமாக்கா.”

“நீ அந்தப் பொண்ணா?”

“ஆமா.”

நன்றாகத் திட்டினார். பிரசவ வலியில் ஒருத்தி கிடக்கும்போது உனக்குக் கையெழுத்து கேட்கிறதா, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று. நான் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். திட்டி முடித்துவிட்டு, அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று கேட்டார். இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருக்கிறது என்றேன். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னதாக ஒரு கவுன் தைத்துத் தருகிறேன், அளவு வாங்கி வா என்றார்.

மார்ச் 7, வெள்ளி

ரசிகர்கள் எழுதியது ஆயிரத்துக்கு மேல். பாதிப் பேர் ரேவதியைக் கரித்துக் கொட்டுகிறார்கள். “இனி இந்தத் தொடர் பார்க்க மாட்டேன்” என்று நூறு பேராவது எழுதியிருக்கிறார்கள். “காமெடி சீரியல்னு கூப்பிட்டு வச்சு அழ வெச்சுட்டாங்க.” “ஹீரோயினே தப்பு பண்றா, அதத் தப்புன்னும் காட்டறாங்க, நல்லா இருக்கு.” சேலத்திலிருந்து ஒருவர்: “என் தம்பியோட பேசி ஆறு வருஷம் ஆச்சு. நேத்து போன் பண்ணேன். எடுக்கல. இன்னைக்கும் பண்ணுவேன்.”

இதைப் படித்துவிட்டு அடுப்பில் பாலை மறந்துவிட்டேன். அவர்தான் ஓடிப்போய் அணைத்தார். அன்றைக்கு மாடியில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “கல்யாண நாள மறந்தது நெசந்தானே” என்றார்.

மார்ச் 13, வியாழன்

ஐந்தாவது வார ரேட்டிங் வந்தது. பெரிய ஏற்றமில்லை. விட்டுப் போனவர்கள் அளவுக்குப் புதியவர்கள் வந்திருக்கிறார்கள், கொஞ்சம் கூடுதலாகவே. நாற்பது முழுசாக ஓடும், அதற்குமேல் இருபது எபிசோட் தருகிறோம் என்று சேனலில் சொன்னார்கள். இனி கொஞ்சம் சிரிக்கவும் வையுங்கள் என்றும்.

ஜெயசீலன் இனிப்பு வாங்கி வந்தான். பழைய நிகழ்ச்சியில் எபியோடு சேர்ந்து எழுதியவை எவையெவை என்று ஒரு பட்டியல் எழுதி, இரண்டு பேர் கதையையும் சொல்லி, அந்தச் சேனல் அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். பதில் வருமா தெரியாது.

மார்ச் 16, ஞாயிறு

எபியிடமிருந்து வாட்ஸ்ஆப். நான்கு வருடத்தில் முதல் செய்தி. “வெள்ளிக்கிழம எபிசோடுல அந்த போட்டோ ஸ்டூடியோ காமெடி படுமோசம். அதோட ரெண்டாவது பாகம் இனிமேதான் எழுதணும்னா, எழுதுறதுக்கு முன்னால கடைக்கு வா. புதன்கிழம கூட்டம் இருக்காது.”

மார்ச் 19, புதன்

கூட்டம் இருந்தது. ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசி நாளாம். நூர்ஜஹான் அக்கா கேட்ட அளவை ஜெசிந்தா ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள்.

எபி பழையபடி ஆகிவிடவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவேயில்லை. கார்டில் பெயர் போடுவது பற்றிக் கேட்டதற்கு, “அதெல்லாம் பெறவு பாக்கலாம்” என்றான். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே பேசினான், முதுகைக் காட்டியபடி.

இரண்டாவது பாகத்தின் காட்சி இதுதான். நாடகக் குழுவின் காமெடி நடிகர் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போகிறார். போட்டோகிராபர், “சிரிக்காம இருங்க” என்கிறார். நடிகர் என்ன சொல்ல வேண்டும்?

“‘அது பழக்கந்தான் சார், எங்க ஆடியன்ஸ்கிட்ட கத்துக்கிட்டேன்.’ இதான் என்னோடது” என்றேன்.

“‘சார்’ நடுவுல வருது. சிரிப்பு அங்கயே முறிஞ்சு போவும். ‘சார், அது எங்க ஆடியன்ஸ்கிட்ட கத்துக்கிட்டேன்.’”

“முதல்லயே சார்னு சொன்னா பயந்த மாதிரி இருக்கும். கடைசில வைக்கலாம்.”

“கடைசில வச்சா கைதட்டல்ல ‘சார்’ கேக்காது.”

“கேக்கலன்னா என்ன?”

“கேக்கலன்னா எதுக்கு எழுதணும்?”

என் குரல் உயர்ந்தது. அவன் குரலும். அவன் முழுதாக என் பக்கம் திரும்பி நின்றிருந்ததை நான் அப்புறம்தான் கவனித்தேன். ஜெசிந்தா மெஷினைப் பார்த்துக்கொண்டாள். குடும்ப அட்டையோடு ஒரு பெரியவர் வெகுநேரமாகக் காத்திருந்தார். எபி அவரைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. எது சிரிப்பா இருக்கு?” மூன்று விதமாகவும் நடித்துக் காட்டினான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு யோசித்தார்.

“மூணுமே சுமாருங்க.”

எங்கள் இரண்டு பேருக்கும் முகம் விழுந்துவிட்டது.

“ஆனா, நான் வந்து அரைமணி நேரமாச்சு. ரெண்டு பக்கம் ஜெராக்ஸ். ஒரு ‘சாரை’ எங்க வைக்கறதுன்னு புருசன் பொஞ்சாதிகூட இப்படி அடிச்சுக்க மாட்டாங்க...” அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கையிலிருந்த குடும்ப அட்டை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஜெசிந்தாவும் சேர்ந்துகொண்டாள். வரிசையில் நின்ற இரண்டு கல்லூரிப் பையன்களும்.

எபி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். போட்டோ ஸ்டூடியோவில் சண்டை போட வேண்டியது ரேவதியும் தயாளனும். அதைப் பார்த்துக்கொண்டு போட்டோகிராபர் காத்திருக்க வேண்டும்.

இருவரும் ஒரே நேரத்தில் மேசைமேல் கையை நீட்டினோம். அங்கே ஒரு பேனாதான் இருந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

“நீ எழுது எபி” என்றேன். “நான் சொல்றேன், பிடிக்கலன்னா அடி.”